மூன்று வரி ரப்பர் ஸ்டாம்ப்

சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, நான்கு வண்ணம். முதியோருக்கான வலுப் பயிற்சி மையம் திறக்கிறார்களாம். வயதானவர்கள் முறையாக எடை தூக்கிப் பழகினால் தசை கரையாது, எலும்பு பலப்படும், சர்க்கரை கட்டுக்குள் நிற்கும், விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வது குறையும் என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. எல்லாம் சரியான செய்திதான். மையம் மூன்றாவது மாடியில். லிப்ட் உண்டு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

மையத்தின் பெயரைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். காலமான எங்கள் பெரிய டாக்டரின் பெயர். அடியில் ஒரு வரி: 'நமது ஊரில் வலுப் பயிற்சிக்கு வித்திட்டவர்.' அந்த வித்தின் மேல் பதினைந்து வருஷம் ஏறி உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்திருந்தால் வரலாறு முழுமையாகியிருக்கும்.

அழைப்பிதழைக் கொண்டுவந்தவர் கல்பனா. இப்போது அங்கே பிசியோதெரபிஸ்டாக இருக்கிறார். நான் இருந்த நாற்காலி.

"சார், விழா மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணுங்க. ரெண்டு பக்கம் போதும். அப்புறம், பெரிய டாக்டர் யூஸ் பண்ணின பொருள் ஏதாச்சும் உங்ககிட்ட இருந்தாக் குடுங்க சார். வாசல்ல கண்ணாடி அலமாரி வெக்கறோம்."

பார்க்கிறேன் என்றேன்.

"அந்தக் காலத்துலயே எவிடென்ஸ் எல்லாம் பார்த்துத்தான் எக்சர்சைஸ் குடுத்தீங்களா சார்?"

"பார்த்தோம்மா. டாக்டர் முகத்தைப் பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் பரணிலிருந்து டயரிகளை இறக்கினேன். 1984 முதல் ஒரு வருஷமும் விடாமல் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று முதல் டயரியிலேயே தெரிந்துவிட்டது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மடத்துக்குளத்திலிருந்து சென்னைக்குப் போனேன். மனித உடம்பின் தசைகள் அத்தனைக்கும் லத்தீனில் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டு திரும்பினேன். அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏப்பா, கால் புடிச்சு உடறதுக்கா மெட்ராசுல போயி அத்தன வருசம் படிச்சே?"

1984 தை மாதம் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், மெழுகு உருக்கும் தொட்டி, ஒத்தடத்துக்காக மின்சாரத்தில் சூடு தரும் பெரிய பெட்டி. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், 'ம்ம்' என்று சத்தம் வரும். ஊரில் எனக்குப் பெயர் 'கரண்டு வெக்கறவரு'. மரியாதையானவர்கள் 'கரண்டு சார்' என்பார்கள். பட்டப்படிப்பு, லத்தீன் எல்லாம் அந்தச் சிவப்பு விளக்குக்கு அடியில் மறைந்துபோயிற்று.

1986 கோடையில் ஒரு நாள் பெட்டியைத் துடைக்கும்போது தகட்டில் தற்செயலாகக் கை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது. விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது, சூடு மட்டும் இல்லை. டயரியைப் புரட்டினேன். கடைசியாகச் சூடு பார்த்து எழுதி வைத்ததற்குப் பிறகு பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாளும் கூட்டம் குறையவில்லை. "இன்னிக்குச் சூடு நல்லா ஏறுச்சுங்க" என்று ஒரு கட்டிங் மாஸ்டர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனதும் அதற்குள்தான். பெட்டியை ரிப்பேருக்கு அனுப்பினேன். மருத்துவத்தில் நான் செய்த முதல் ஆராய்ச்சி அதுதான். முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

இனி டாக்டர். நியாயமாகச் சொல்ல வேண்டும். முறிந்த எலும்பைச் சேர்ப்பதில் இந்தப் பக்கம் அவருக்கு நிகரான கை இருந்ததில்லை. பொங்கலூரிலிருந்தும் கொமரலிங்கத்திலிருந்தும் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்த கால்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். சேர்த்த காலை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதில்தான் அவருக்கு உடன்பாடில்லை.

காலை பத்தே காலுக்கு வருவார். கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். நோயாளி கதவைத் திறந்ததும் "உக்காருங்க" என்பார். அதனால் நோயாளி எப்படி நடக்கிறார் என்பதை அவர் பார்த்ததே இல்லை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, 'ம்' என்று ஒரு தடவை சொல்வார். சீட்டில் மருந்து எழுதுவார். பிறகு மேஜையின் வலது மூலைக்குக் கை போகும். அங்கேதான் ரப்பர் ஸ்டாம்ப்.

பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து, முதுகு வலியும் முழங்கால் வலியும் வரிசை கட்டிய காலம். ஒரே அறிவுரையை எழுதி எழுதிக் கை நோகிறது என்று 1985இல் அவர் அதைச் செய்யச் சொன்னார். மூன்று வரி:

கனமான பொருள் தூக்கக் கூடாது.
படி ஏறக் கூடாது.
தரையில் உட்காரக் கூடாது.

மை காய்ந்திருந்தால் வாய்க்குப் பக்கத்தில் வைத்து 'ஹா' என்று ஊதுவார். சீட்டின் அடியில் வைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு அழுத்து அழுத்துவார். நூல் மூட்டை தூக்கும் இருபது வயதுக்காரருக்கும் அதே சீல். எழுபது வயது மூதாட்டிக்கும் அதே சீல். கை விரல் நசுங்கி வந்த ஒரு டெய்லர், விரலுக்கும் படி ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் வந்து கேட்டார். கரண்டு வைத்து அனுப்பினேன்.

அந்த வருஷங்களில் கோயம்புத்தூருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து வெளிநாட்டு மருத்துவ இதழ்களைப் படிப்பது என் பழக்கம். வயதானவர்களின் தசையும் எடைப் பயிற்சியால் வலுக்கூடும், நடையும் எழுந்திருப்பதும் தேறும், படுக்கையில் கிடப்பதுதான் அவர்களைச் சீக்கிரம் முடக்குகிறது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவற்றில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் வைத்தேன். நாலைந்து இரும்பு எடைகள் வாங்கித் தரும்படி கேட்டேன். கொங்கு மரியாதைக்குக் குறைவில்லாமல் திட்டினார்.

"தம்பி, இது ஆஸ்பத்திரிங்க. பயில்வான் கொட்டாய் இல்லீங்க. மூட்டை தூக்கறவன் முதுகப் பாக்கறீங்கல்ல? அதுதானுங்க எவிடென்ஸு."

மூட்டை தூக்குகிறவருக்கு அளவும் இல்லை, ஓய்வும் இல்லை, படிப்படியாக ஏற்றுவதும் இல்லை; பயிற்சி என்பது இந்த மூன்றும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நோயாளியை "உக்காருங்க" என்றார். ஜெராக்ஸ் காகிதங்களை ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். ஸ்டாம்ப் மை வைக்கும் டப்பாவுக்கு அடியில், மை சிந்தாமல் காத்துக்கொண்டிருந்தன.

1993 ஜூனில் ரஹ்மத்தம்மா வந்தார். வயது ஐம்பத்து நான்கு. ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற வேலை. ஹாலில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்துதான் செய்வார்கள். முந்தைய வருஷம் குளியலறையில் வழுக்கி முழங்கால் சில்லு விரிசல் விட்டிருந்தது. டாக்டர் கட்டுப்போட்டார், எலும்பு அழகாகச் சேர்ந்தது, சீல் அடித்தார். ரஹ்மத்தம்மா எட்டு மாதம் சீலுக்குக் கீழ்ப்படிந்து கட்டிலில் கிடந்தார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"மேனேஜரு சொல்லிப்போட்டாருங்க," என்றார். "தீவாளி வரைக்கும் உன்ற எடத்தக் காலியா வெச்சிருக்கறேன். நீயா உக்கோந்து நீயா எந்திரிக்கோணும், டாக்டரு லெட்டரு கொண்டாரோணும், இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு. ஊட்டுல ஸ்டூல்ல உக்கோந்துதானுங்க தொழுவறேன். அல்லாவுக்கு என்ற நெலம தெரியும். இந்த மேனேஜருக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

தொடையின் சுற்றளவை எடுக்க இஞ்ச் டேப்பைச் சுற்றினேன்.

"டேப்ப இழுத்துப் புடிக்காதீங்க சார், அளவு தப்பா வரும்," என்று என் கையிலிருந்து வாங்கித் தானே சுற்றிக் காட்டினார். வலது தொடை இடதைவிட ஒன்றரை இஞ்ச் இளைத்திருந்தது.

இரும்பு எடை கிடையாது. ஆனால் இந்த ஊரில் எடைக்கா பஞ்சம்? நூல் சுற்றி வரும் கூம்பு, அதுதான் கோன், ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. ஓடித் தீர்ந்துகொண்டிருக்கும் கோன் அரைக் கிலோவும் இருக்கும், கால் கிலோவும் இருக்கும். துணிப் பையில் கோனைப் போட்டுக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொன்னேன். "பத்துப் பத்தா மூணு தடவை. வாரத்துல மூணு நாள்." அவர் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். சரிங்க என்றார். மூன்றாவது வாரம் அரைக் கோன் முழுக் கோன் ஆயிற்று. எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மகள் அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"நீங்க சொன்னதத்தானுங்க. தெனமும் அதயே கட்டிக்கிட்டு இருந்தா ஊட்டு வேல கெடுதுங்கல்ல? வாரத்துக்குத் தொண்ணூறு பீஸு. ஞாயித்துக்கெழம ஒரே மூச்சுல முடிச்சுப்போட்டேனுங்க." கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டார்: "நூறாவே செஞ்சேனுங்க. பத்து எச்சா இருக்கட்டும்னு."

உலகத்தின் வேறெந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. பீஸ் ரேட்டில் ஊறிய ஊரில், எண்ணிக்கை சொன்னால் அது ஆர்டர். ஆர்டரைச் சீக்கிரம் முடிப்பவர்தான் நல்ல தொழிலாளி. நடுவில் விடும் நாள் எதற்கு என்று நான் சொல்லவே இல்லை. தப்பு அவருடையது அல்ல. நல்ல கம்பெனியாக இருந்தால் மேஸ்திரியான என்னைத்தான் நிறுத்தியிருப்பார்கள்.

எனக்கும் மேஸ்திரியான டாக்டர் வந்து பார்த்தார். வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா தம்பி? வெயிட் தூக்குனா இதுதானுங்க." சீட்டில் இரண்டு இடத்தில் சீல் அடித்தார். என் குறிப்பேட்டில் பயிற்சிகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, 'கரண்டு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேலை போய்விடும் என்று எனக்கு நினைவூட்டும் கையெழுத்து அது என்று புரிந்தது.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கட்டிலில் கரண்டு வைத்துக்கொண்டு படுத்திருந்த ரஹ்மத்தம்மா கேட்டார்: "அவ்வளவுதானுங்களா சார்? தீவாளிக்கு நாலு மாசங்கூட இல்லீங்களே."

நான் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை லத்தீனை விட்டுவிட்டு ஊர் பாஷையில் சொன்னேன்.

"இது பீஸ் ரேட் இல்லீங்கம்மா. ஷிப்ட். ஒரு நாள் ஷிப்ட், ஒரு நாள் லீவு. ஒன்றரை ஷிப்ட் கிடையாது, ஓவர்டைம் கிடையாது."

"லீவு எதுக்குங்க?"

"ஷிப்ட்ல சதைக்கு வேலை குடுக்கறோம். அது வளர்றது லீவு நாள்லதான். லீவு குடுக்காட்டி வேலை செஞ்சதுக்குக் கூலி இல்லீங்க."

"லீவுக்குக் கூலி குடுக்கற கம்பெனி திருப்பூர்ல இது ஒண்ணுதானுங்க," என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தார். "சரி, கோனு எங்கீங்க?"

டாக்டரின் உத்தரவு 'கரண்டு மட்டும்'. மீறவில்லை. பெட்டியைப் போட்டேன். சூட்டைப் பூஜ்யத்தில் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, 'ம்ம்' சத்தம் வராந்தா வரை கேட்டது. டாக்டர் அந்தப் பக்கம் போகும்போது சத்தத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவார். உள்ளே ரஹ்மத்தம்மா கோன் தூக்கிக்கொண்டிருப்பார். 1986இல் செய்த ஆராய்ச்சி ஏழு வருஷம் கழித்துப் பயன்பட்டது.

எழுந்திருப்பதற்கு வேறொரு வழி செய்தோம். அவருடைய மருமகன் கட்டிங் வேஸ்ட் வியாபாரி. வெட்டி மிஞ்சிய பனியன் துணியை இறுக்கிக் கட்டிய பண்டல்கள் பதினொன்று கொண்டுவந்து அடுக்கினார். நாற்காலி உயரம் வந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து எழ வேண்டும். சிரமமில்லாமல் மூன்று தடவை பத்து வந்துவிட்டால் ஒரு பண்டலை எடுத்துவிடுவோம். ஆகஸ்டில் பதினொன்று ஒன்பதாயிற்று. செப்டம்பர் கடைசியில் ஐந்து.

ஒரு நாள் டாக்டர் எட்டிப் பார்த்தார். "இதென்னுங்க தம்பி, துணி மூட்டை?"

"மெழுகுத் தொட்டி துடைக்கிறதுக்குங்க சார்."

"இத்தனையா?"

"மெழுகு ரொம்ப ஒட்டுதுங்க."

நம்பினாரா என்று தெரியவில்லை. கதவை அவரே சாத்திவிட்டுப் போனார். டயரியில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

கடைசி இரண்டு பண்டல்தான் கஷ்டம். ஐந்திலிருந்து இரண்டுக்கு வர ஆன காலம் இரண்டிலிருந்து தரைக்கு வர ஆயிற்று. ஒரு வாரம் முழுக்க ஒரு பண்டலிலேயே நின்றோம். ரஹ்மத்தம்மா பண்டலைத் திட்டினார், மேனேஜரைத் திட்டினார், என்னையும் "ஏனுங்க சார், இந்தப் பாழாப்போன லீவ ஒரு நாளு கொறச்சா என்னுங்க?" என்றார். குறைக்கவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பண்டல் எதுவும் இல்லாமல் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார்.

லெட்டருக்காக டாக்டரிடம் அழைத்துப்போனேன். "உக்காருங்க" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து எழுகிறார் என்று சொன்னேன்.

"கரண்டு நல்லா வேல செஞ்சிருக்குதுங்க, பாத்தீங்களா?" என்று மகிழ்ந்து, 'வேலைக்குச் செல்லலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். நான் மூச்சு விடுவதற்குள் கை மேஜையின் வலது மூலைக்குப் போயிற்று. 'ஹா.' இடப்பக்கம் ஓர் அழுத்து, வலப்பக்கம் ஓர் அழுத்து. எட்டு வருஷப் பழக்கம், கைக்கு மூளை தேவைப்படவில்லை.

ரஹ்மத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொரு சீட்டு கேட்டால் அதிலும் சீல் விழும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை நானும் கம்பெனிக்குப் போனேன்.

மேனேஜர் சண்முகம் ஹால் வாசலில் நின்றே சீட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "வேலைக்குச் செல்லலாம். சரி. கனமான பொருள் தூக்கக் கூடாது. இங்க ஆரு தூக்கச் சொன்னா? படி ஏறக் கூடாது. ஹாலு கீழதான். தரையில்..." நிறுத்தினார். "ஏம்மா, தரையில உக்காரக் கூடாதுன்னு போட்டிருக்குதே."

"எங்கீங்க?"

"இந்தா, நீல மையில."

ஹாலில் கத்தரிகளின் சத்தம் நின்றுவிட்டது. ரஹ்மத்தம்மா சீட்டை வாங்கி நீல மையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சீட்டைப் பிசிறு குவிந்திருந்த தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அடுத்திருந்த பெண்ணின் கத்தரியை வாங்கி, ஒரு பனியனுக்குப் பிசிறு வெட்டினார், விரித்துப் பார்த்தார், மடித்தார். அதைச் சீட்டின் மேல் வைத்து, இரண்டையும் இரு கையிலும் ஏந்திக்கொண்டு, கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்து நின்றார்.

"இப்பப் படிங்க," என்று நீட்டினார்.

சண்முகம் படிக்கவில்லை. பனியனை வாங்கிக்கொண்டு, சீட்டை என்னிடம் கொடுத்தார். "சார், இத நான் பாக்கவே இல்லீங்க. நீங்களே வெச்சுக்குங்க." பிறகு ஹாலைப் பார்த்துத் திரும்பி, "என்ன வேடிக்க? வெட்டுங்க, வெட்டுங்க" என்றார்.

ரஹ்மத்தம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த ஹாலில் உட்கார்ந்தார், எழுந்தார். லீவு நாளும் ஷிப்ட் நாளும் மாறாமல் வீட்டில் கோன் தூக்கினார்.

டாக்டர் 1999இல் பிராக்டிஸை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தவர். பல வருஷமாக அவர் கனமான பொருள் தூக்கவில்லை, படி ஏறவில்லை, தரையில் உட்காரவில்லை. கடைசி நாள் அவருடைய நாற்காலியிலிருந்து அவரை இரண்டு வார்டு பாய்கள்தான் எழுப்பினார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பிசிறு வெட்டற அம்மாளுக்கு என்ன பண்ணுனீங்க?"

"கரண்டுதானுங்க சார்."

"மெழுகு தொடைக்கப் பதினோரு மூட்டைத் துணி. எண்ணிப் பாத்தனுங்க." ஸ்டாம்பை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எனக்கும் அந்தக் கரண்டு வெப்பீங்களா?"

வைத்தேன். வாரம் மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கால் கோனில் தொடங்கினோம். ஏழாவது மாதம் கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். தரைவரைக்கும் வர அவருக்கு நாள் போதவில்லை. வித்திட்டவர் என்று போட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், முழுப் பொய் இல்லை.

கல்பனா, நீங்கள் கேட்ட பொருள் என்னிடம் இருக்கிறது. ஸ்டாம்பையும், அது விழுந்த அந்தச் சீட்டையும் தருகிறேன். மடிப்பில் இன்னும் ஒரு வெள்ளைப் பிசிறு ஒட்டியிருக்கும், தட்டிவிட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணாடி அலமாரியின் கடைசித் தட்டில், தரையை ஒட்டி வைக்க வேண்டும். அந்த மூன்று வரியைப் படிக்க விரும்புகிறவர் தரையில் உட்காரட்டும். படித்து முடித்ததும், யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கட்டும்.